கலப்பு அணி எப்போது இலாபம் தரும்? கொழும்பு வேலைத்தளங்களுக்கான கணக்கு

கொழும்பில் நடக்கும் மனிதவளக் கூட்டங்களில் 39 சதவீதம் என்ற எண் அடிக்கடி திரையில் வருகிறது. மக்கின்சி ஆலோசனை நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின் எண் அது. மேல்மட்ட முகாமைக் குழுவில் எத்தனை பெண்கள் என்று பார்த்து நிறுவனங்களை வரிசைப்படுத்தினால், முதல் கால்வாசியில் நிற்பவை தம் துறையின் நடுநிலை இலாபத்தை (பாதி நிறுவனங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் நிற்கும் அளவை) தாண்டும் வாய்ப்பு, கடைசிக் கால்வாசியில் நிற்பவற்றை விட 39 சதவீதம் கூடுதல் என்கிறது அது. இனப் பன்மைக்கும் அதே எண்தான். பெண்கள் பற்றிய எண் 2015-ஆம் ஆண்டு அறிக்கையில் 15 ஆக இருந்தது. 2018-இல் 21, 2020-இல் 25.

இதைக் கேட்கும் முதலாளிகள் பலர், பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்த்தால் இலாபம் 39 சதவீதம் ஏறும் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது பிழை. இங்கே சொல்லப்படுவது வாய்ப்பு மட்டும். கடைசிக் கால்வாசியில் 100 நிறுவனங்களுக்கு 45 நடுநிலையைத் தாண்டுகின்றன என்று வைத்துக்கொண்டால், முதல் கால்வாசியில் 62, 63 தாண்டும். இலாபம் எத்தனை ரூபாயால் கூடும் என்பது அந்த எண்ணில் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், எது முந்தியது எது பிந்தியது என்பது. நன்றாகச் சம்பாதிக்கும் நிறுவனத்தால் பரந்த வலை வீசி ஆள் எடுக்க முடியும், பிள்ளை பராமரிப்பு நிலையம் நடத்த முடியும், இரவில் வாகனம் விட முடியும். அப்படியானால் இலாபமே பன்மையைக் கொண்டுவந்திருக்கலாம். ஜெரமையா கிரீன், ஜோன் ஹாண்ட் என்ற இரு கணக்கியல் பேராசிரியர்கள் அமெரிக்காவின் எஸ் அன்ட் பி 500 என்ற பெரும் பங்கு நிறுவனப் பட்டியலில் உள்ளவற்றை எடுத்து மக்கின்சியின் முறையைத் திருப்பிச் செய்து பார்த்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். முகாமைக் குழுவின் இனப் பன்மைக்கும் இலாபத்துக்கும் நம்பத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. மக்கின்சி எடுத்த நிதிக் கணக்கு, பன்மையை அளந்த நாளுக்கு முந்திய ஆண்டுகளுடையது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

எதிர்ப்பக்கத்துக் கதையும் இதே கதிதான். நோர்வே 2003-இல் சட்டம் போட்டு, பொதுப் பங்கு நிறுவனங்களின் பணிப்பாளர் சபையில் 40 சதவீதம் பெண்கள் என்று 2008-க்குள் கட்டாயமாக்கியது. இதனால் பங்கு விலை விழுந்தது என்று 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே நிகழ்வைத் திரும்பக் கணக்கிட்டபோது அந்த வீழ்ச்சி புள்ளிவிபரப்படி நிற்கவில்லை. 140 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றோ, சபையில் பெண்கள் இருப்பதற்கும் கணக்குப் புத்தக இலாபத்துக்கும் சிறியதொரு நல்ல தொடர்பு உண்டு, பங்குச் சந்தை மதிப்போடு தொடர்பு ஏறத்தாழப் பூச்சியம் என்று முடித்தது.

ஆக, தலைகளை எண்ணி இலாபத்தோடு பொருத்தும் வேலை எந்தப் பக்கத்துக்கும் உறுதியான விடை தரவில்லை. ஒரு வேலை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்த ஆய்வுகள்தான் உண்மையில் பயன் தருபவை.

பூக்கட்டும் மேசையில் நடந்தது

கென்யாவில் ஒரு பூ ஏற்றுமதித் தொழிற்சாலை. ஒரு மேசைக்கு மூன்று பேர். ஒருவர் வந்திறங்கும் பூக்களைப் பிரித்துக் கொடுப்பார். மற்ற இருவர் வாங்கிக் கொத்தாகக் கட்டுவார்கள். கட்டி முடித்த அளவுக்கேற்ப மூவருக்கும் சம்பளம். யார் யாரோடு இருப்பது என்பது கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கியது போன்ற சுழற்சி. அதனால் ஒரே இனக்குழுவினர் மட்டும் உள்ள மேசைகளும், பகைக் குழுவினர் கலந்த மேசைகளும் தாமாகவே உருவாகின. பொருளியலாளர் யோனாஸ் யோர்ட் அந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்.

பூ கொடுப்பவர், எதிரில் இருப்பவர் மற்றக் குழுவினர் என்றால் குறைவாகக் கொடுத்தார். இருவரில் ஒருவர் தன் ஆள் என்றால் அவர் பக்கமே அதிகம் தள்ளினார். இதனால் அவருடைய சொந்தச் சம்பளமும் குறைந்தது. தெரிந்தும் அப்படியே செய்தார். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் நாட்டில் இனவன்முறை வெடித்ததும் இந்தப் பாகுபாடு சட்டென்று கூடியது. பூவும் மேசையும் ஆட்களும் முன்பு இருந்தவையே. வெளியே எரிந்த தீ உற்பத்திப் பதிவில் ஏறியது.

நிர்வாகம் பிரசங்கம் வைக்கவில்லை. கட்டுபவர்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்த சம்பளத்தை, இருவரின் கூட்டு உற்பத்திக்கான சம்பளமாக மாற்றியது. இப்போது ஒருவர் பக்கம் பூவைத் தள்ளுவதால் எந்தப் பயனும் இல்லை. ஒரு கட்டுநர் தன் குழு, ஒருவர் மற்றக் குழு என்றிருந்த மேசைகளில் உற்பத்தி ஏறியது. மற்ற மேசைகளில் சற்று இறங்கியது. கூட்டுச் சம்பளத்தில் தனி ஆளின் உந்துதல் குறைவது இயல்பு. மொத்தத்தில் தொழிற்சாலைக்கு இலாபம். பன்மை தானாக இலாபமும் தராது, நட்டமும் தராது. சம்பள முறையும் வேலைப் பங்கீடும் அதை எந்தப் பக்கம் சாய்க்கின்றன என்பதே கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கொழும்பில் அந்த மேசை எங்கே இருக்கிறது?

மொழியில் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் தமிழர் 15 சதவீதம், முஸ்லிம்கள் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். நாலில் ஒருவர் தமிழ் பேசும் சமூகத்தவர். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் செட்டியார் தெருவிலும் இது யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் வாடிக்கையாளரின் முதல் சொல்லைக் கேட்டதும் மொழியை மாற்றிக்கொள்வார். பெரிய நிறுவனங்களின் காரியாலயங்களில்தான் சிக்கல்.

ஒரு காப்புறுதிக் காரியாலயத்தை எடுத்துக்கொள்வோம். தொலைபேசியில் தமிழுக்கான எண்ணை அழுத்தினால் தமிழ் பேசுபவர் எடுப்பார். அதோடு தமிழ் முடிந்துவிடும். முறைப்பாட்டை அவர் ஆங்கிலத்தில் இரண்டு வரியில் பதிவார். வாகனத்தைப் பார்க்கப் போகும் மதிப்பீட்டாளருக்குத் தமிழ் தெரியாது. கொட்டாஞ்சேனையில் வாகனத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு திரும்ப அதே தமிழ் ஊழியரைத்தான் கூப்பிடுவார். பிறகு சட்டப் பிரிவு ஒரு கடிதத்தோடு வரும். விற்பனைப் பிரிவு ஒரு விளம்பர வாசகத்தைச் சரிபார்க்கச் சொல்லும். மேலாளர் ஒருவர் ஒரு வட்ஸ்அப் குரல் பதிவின் அர்த்தம் கேட்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொன்றும் 25 நிமிடம் என்று வையுங்கள். 100 நிமிடம். எட்டு மணி நேர நாளில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்த 100 நிமிடம் அவருடைய வேலை விபரத்தில் இல்லை. மாத முடிவில் அவரை அளப்பது, எடுத்த அழைப்பின் எண்ணிக்கையை வைத்து. பக்கத்து மேசைக்காரர் 60 எடுத்திருந்தால் இவர் 48. ஆண்டு மதிப்பீட்டில் ‘நடுத்தரம்’ என்று விழும், போனஸ் குறையும், இரண்டாவது வருடம் வேறிடம் பார்ப்பார். நிறுவனமோ தமிழ் ஆட்கள் நிலைப்பதில்லை என்று முடிவு கட்டும். பூ மேசையில் கொடுப்பவர் மனமறிந்து ஒதுக்கினார். இங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அளவுகோலே ஒதுக்கிவிடுகிறது. மிகவும் வருந்தத்தக்க இழப்பு இது, ஏனென்றால் திருத்துவது இலகு.

முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு பதிவேடு: யார் கேட்டார், எந்தப் பிரிவு, எத்தனை நிமிடம். அதற்குப் பிறகு வாக்குவாதம் தேவைப்படாது. மொழிபெயர்ப்பு நேரத்தை இலக்கிலிருந்து கழிக்கலாம், அல்லது மாதக் கொடுப்பனவாகக் கொடுக்கலாம். நீண்ட காலத்துக்கு நல்லது மூன்றாவது வழி: கேட்கும் பிரிவிலேயே தமிழ் தெரிந்த ஒருவரையாவது வைப்பது. பத்து மதிப்பீட்டாளரில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரிந்தால் வடக்குக் கொழும்பின் கோப்புகளை அவர்களுக்கே அனுப்பலாம். ஒரே வாகனத்துக்கு இரண்டு பயணம் போவதும் குறையும். அரச சேவையில் 2007-க்குப் பின் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை இருக்கிறது. தனியார் துறைக்கு அப்படி எதுவும் இல்லை. நிறுவனம் தானே தீர்மானிக்க வேண்டிய விடயம்.

ஒரே எண், இரண்டு காரியாலயம்

பன்மையை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரம் பிளாவ் குறியீடு. ஒவ்வொரு குழுவின் பங்கையும் வர்க்கித்துக் கூட்டி, ஒன்றிலிருந்து கழிப்பது. 60 பேரில் 30 சிங்களவர், 20 தமிழர், 10 முஸ்லிம்கள் என்றால் விடை 0.61. பூச்சியம் என்றால் எல்லாரும் ஒரே குழு.

இதே 0.61 வரும் இரண்டு காரியாலயங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் கணக்குப் பிரிவு முழுக்கத் தமிழர், விற்பனை முழுக்க முஸ்லிம்கள், நிர்வாகம் முழுக்கச் சிங்களவர். மற்றதில் மூன்று பிரிவிலும் மூவரும் கலந்திருக்கிறார்கள். முதலாவதில் விற்பனைப் பிரிவின் செலவுச் சீட்டைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பினால், அது செலவுச் சீட்டுப் பிரச்சினையாக நின்றுவிடாது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இனப் பிரச்சினையாகிவிடும். லாவ், மர்னிகன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் இதைப் பிளவுக்கோடு என்று பெயரிட்டு விளக்கினார்கள். இனம், மொழி, பிரிவு, சம்பளப்படி எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தால் அணி உடையும். குறுக்கும் நெடுக்குமாக விழுந்தால் தாங்கும். தமிழர் கணக்குக்கு நல்லவர்கள், முஸ்லிம்கள் வியாபாரத்துக்கு நல்லவர்கள் என்று பாராட்டுவது போலச் சொல்லி ஆள் எடுக்கும் கொழும்புப் பழக்கம் அந்தக் கோட்டைத்தான் ஆழமாகக் கீறுகிறது.

ஆகவே மொத்த எண்ணை விடுங்கள். பிரிவு, சம்பளப்படி, பணிக்காலம் என்று பிரித்து அட்டவணை போடுங்கள். ஆண்டறிக்கைக்கு அழகாக இருக்கும் 0.61, அந்த அட்டவணையில் மூன்று தனித் தீவாகத் தெரியும்.

ஆள் எடுக்கும் குழாய் எங்கே ஒழுகுகிறது

எங்களுக்குத் தமிழ் விண்ணப்பதாரர்களே வருவதில்லை என்பது வழமையான பதில். சில இடத்தில் உண்மை. பல இடத்தில் அவர்கள் வந்து, நடுவழியில் காணாமல் போகிறார்கள். எங்கே என்று கண்டுபிடிக்க அமெரிக்காவில் 1978 முதல் பயன்படும் ஐந்தில் நாலு விதி உதவும். 120 சிங்கள விண்ணப்பதாரரில் 30 பேர் தெரிவானால் 25 சதவீதம். 40 தமிழ் விண்ணப்பதாரரில் 6 பேர் என்றால் 15 சதவீதம். 15-ஐ 25-ஆல் வகுத்தால் 0.6. அது 0.8-க்குக் கீழே இருந்தால் அந்தப் படியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பத்துப் பேர், பதினைந்து பேர் வைத்து இந்தக் கணக்குப் போட்டால் ஓர் ஆள் மாறினாலே எண் தலைகீழாகும். இரண்டு மூன்று ஆண்டு விண்ணப்பங்களைச் சேர்த்துப் போடுங்கள்.

திறந்து பார்த்தால் கிடைக்கும் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. விளம்பரத்தில் ‘சரளமான சிங்களம்’ என்று இருக்கும். பதவியோ முழுநாளும் விரிதாளோடு வேலை செய்யும் பதவி. வெற்றிடம் விளம்பரத்துக்கு வருமுன் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் போய் நிரம்பியிருக்கும். கணினிப் படிவம் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கும். தமிழர் பலருக்கு அப்படி ஒன்று இல்லை, தகப்பன் பெயரை எழுதுவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் பெயர் பொருந்தாமல் திரும்பி வரும். தெரிவானவருக்கு முதல் மாதமே கணக்குப் பிரிவோடு மல்லுக்கட்டல். ‘அழைக்கும் பெயர்’, ‘தகப்பன் பெயர்’, ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று மூன்று கட்டம் வைத்தால் இதில் பாதி தீர்ந்துவிடும்.

நேர்முகப் பரீட்சையில் பெரிய ஒழுகல் இருக்கிறது. எந்த ஊர், எந்தப் பாடசாலை என்று தொடங்கும் அரட்டை, தன்னைப் போன்றவரைத் தெரிவு செய்வதில்தான் முடியும். எல்லாரிடமும் ஒரே ஐந்தாறு கேள்வி, ஒவ்வொரு விடைக்கும் எது ஒரு புள்ளி, எது ஐந்து புள்ளி என்று முன்கூட்டி எழுதிய விளக்கம், மூன்று பேரும் பேசிக்கொள்ளுமுன் தனித்தனியாகப் புள்ளி. இப்படிக் கட்டமைத்த நேர்முகப் பரீட்சை, பின்னால் யார் நன்றாக வேலை செய்வார் என்று கணிக்கும் கருவிகளில் மிகச் சிறந்த ஒன்று என்று 2022-இல் பழைய ஆய்வுகளை மீளக் கணக்கிட்டவர்கள் கண்டார்கள். கொழும்புக்கு ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டும்: ஆங்கிலப் பேச்சுக்குத் தனிப் புள்ளி, விடயத்துக்குத் தனிப் புள்ளி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால், தமிழ் மொழி மூலம் படித்த ஹற்றன் பிள்ளையும் வவுனியாப் பிள்ளையும் விடை தெரிந்தும் தோற்கும். 2022-இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போன நாட்டில், இருக்கும் திறமையை இப்படி வடிகட்டி வீசுவது எந்த நிறுவனத்துக்கும் கட்டுபடியாகாது.

விடுமுறை நாட்காட்டியும் பெண்களின் மணிக்கூடும்

தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் வர்த்தக விடுமுறை. தீபாவளியும் நோன்புப் பெருநாளும் வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இல்லை. தனியார் காரியாலயத்தில் வேலை செய்பவர் கடை, காரியாலய ஊழியர் சட்டம் தரும் 14 நாள் வருடாந்த விடுமுறையில் ஒன்றை வெட்டித்தான் தீபாவளி கொண்டாட வேண்டும். ஒருவர் ஒரு நாள் இழப்பது சிறிதாகத் தோன்றும். பத்து ஆண்டில் பத்து நாள். நல்ல நிறுவனங்கள் இதை மாற்று நாளாக்கிவிடும். வாடிக்கையாளர் நிலையம், மருந்தகம், ஹோட்டல் போன்ற இடங்களில் கலப்பு அணியின் இலாபம் நேரடியாகத் தெரிவதும் இங்கேதான். ஏப்ரல் 13, 14-இல் முஸ்லிம், கிறிஸ்தவ ஊழியரும், பெருநாள் அன்று மற்றவர்களும் நிற்க, மேலதிக நேரக் கொடுப்பனவு குறைகிறது, கதவு திறந்திருக்கிறது. எப்போதும் சிறுபான்மை ஆளையே நிறுத்துவதாக மாறாமல், முறை யாருக்கு என்பதை ஜனவரியிலேயே எழுதி ஒட்ட வேண்டும். வெள்ளி ஜும்மா நேரத்தில் குழுக்கூட்டம் வைக்காமல் இருக்க ஒரு சதமும் செலவில்லை.

பெண்கள் விடயத்தில் தடை வேறு. நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களில் பத்துக்கு ஏழு பேரளவு. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் பிரசவ விடுமுறை 84 நாள். தனியார் துறையில் அதன் செலவு முழுவதும் முதலாளி மேல். அதனால் சின்ன நிறுவனங்கள் இளம் பெண்களை எடுக்கவே தயங்குகின்றன. தகப்பனுக்குச் சட்டப்படி விடுமுறை இல்லாததால் தயக்கம் பெண் பக்கம் மட்டுமே சாய்கிறது. ஜோன் கீல்ஸ் குழுமம் 2021-இல் தாய்க்கும் தகப்பனுக்கும் சமமாக 100 நாள் என்று அறிவித்தது அந்தச் சாய்வை நேரே தொடும் நடவடிக்கை. அவ்வளவு முடியாத நிறுவனம், கூட்டங்களை நாலு மணிக்குமுன் முடிப்பது, மாலை வேலை நேரத்துக்கு வீட்டு வாசல் வரை வாகனம் விடுவது என்று தொடங்கலாம். கைக்குழந்தையோடு திரும்பி வந்தவர் ஆறு மாதத்துக்குள் விலகுகிறாரா என்பதைத் தனியாக எண்ணுங்கள். மொத்த விலகல் வீதத்துக்குள் அது மறைந்துபோகும்.

எப்போது அளப்பது

மேற்கு வங்காளத்தில் ஒரு தொழிற்சாலையில் இந்து, முஸ்லிம் தொழிலாளரைக் கலந்தும் கலக்காமலும் அணிகளாகப் பிரித்து அர்க்கதேவ் கோஷ் என்ற பொருளியலாளர் சோதித்தார். ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு இடைவிடாமல் பிணைந்த பகுதிகளில், கலப்பு அணிகளின் உற்பத்தி 5 சதவீதம் குறைந்தது. நாலு மாதத்தில் அந்தக் குறை முற்றாக மறைந்தது. தனித்தனியாகச் செய்யக்கூடிய வேலைகளில் தொடக்கத்திலேயே குறை எதுவும் இல்லை. ஆனால் மனங்கள் கூடுதலாக நெருங்கியது முதல் வகையில்தான், சேர்ந்து செய்யாமல் முடியாத வேலையில்.

கொழும்பில் புதிய அணியைப் பொதுவாக முதல் காலாண்டின் எண்ணை வைத்தே எடைபோடுகிறார்கள். மூன்று மாதம். சரியாக, குறை தெரிந்து அது மறையத் தொடங்கும் நேரம். கலப்பு அணி சரிவரவில்லை என்று முடிவெடுத்துப் பிரிப்பதற்கு அதைவிட மோசமான தருணம் இல்லை. முதல் எட்டு வாரம் வேலை கைமாறும் இடங்களில் என்ன தாமதம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கோப்பு எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை தடவை திரும்பியது, எந்த மொழியில் போனது. உற்பத்தி எண்ணை ஆறாம் மாதத்தில் எடுங்கள், விலகல் எண்ணைப் பன்னிரண்டாம் மாதத்தில். தமிழ் முறைப்பாடு ஒன்று தீர எத்தனை நாள், சிங்கள முறைப்பாடு ஒன்று தீர எத்தனை நாள் என்பதை இரண்டு கோடாக ஒரே தாளில் வரைந்து, மாதா மாதம் கிளை முகாமையாளரின் மேசையில் வையுங்கள்.